கண்ணாடிக் கடைப் பையன் வைத்த எழுத்துகள்

பவர் கண்ணாடி போடுறவங்களா நீங்க? அப்படின்னா இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. தூரத்துல இருக்கிற ஒரு எல்.இ.டி தெருவிளக்கை முதல்ல நேரா பாருங்க. அப்புறம் தலையை மட்டும் ஒரு பக்கமா திருப்பிக்கிட்டு, லென்ஸோட ஓரம் வழியா அதே விளக்கைப் பாருங்க. விளக்கோட ஒரு பக்கத்தில் நீலக் கோடும் மறுபக்கத்தில் மஞ்சளோ சிவப்போ கசிவதும் தெரியுதா? பவர் கம்மியா இருந்தால் தெரியாமல் போகலாம். எனக்கு மைனஸ் ஆறு. நல்லாவே தெரியும்.

போன வருஷம் கீழே விழுந்தாலும் உடையாதுன்னு சொல்லி ஒரு கடையில் பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுவிட்டாங்க. உடையலைதான். ஆனா கிளாஸ்ரூம்ல கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஓரக்கண்ணால புரொஜக்டரைப் பார்த்தால், எழுத்துக்கெல்லாம் கலர் பார்டர். கண்ணுல ஏதோ கோளாறுன்னு ரெண்டு வாரம் பயந்துக்கிட்டே இருந்தேன். கோளாறு கண்ணுல இல்லை, அந்தப் பிளாஸ்டிக்கோட குணம் அப்படி. அந்தக் குணத்துக்கு ஒரு எண் இருக்கு. அந்த எண்ணைத் தேடிப் போனப்போதான், ஃபர்ஸ்ட் இயர்ல இன்ஜினியரிங் பிசிக்ஸ் பேப்பரில் ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின ஒரு பெயர் மறுபடி எதிர்ல வந்து நின்னுச்சு. ஃபிரௌன்ஹோஃபர். டிஃப்ராக்‌ஷன் பாடத்துல ஃபிரெனெல் பக்கத்துலயே வருவாரே, அவரேதான். அவர் பிசிக்ஸ் புரொஃபசர்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன். அவர் ஒரு கண்ணாடிக் கடைப் பையன்.

ஜோசஃப் ஃபிரௌன்ஹோஃபர் 1787 மார்ச் 6 அன்று ஜெர்மனியின் பவேரியாவில் ஸ்ட்ரௌபிங் என்ற ஊரில் பிறந்தார். வீட்டுக்கு 11-வது பிள்ளை. அப்பா ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற தொழிலாளி. 10 வயதில் அம்மா போய்விட்டார், அடுத்த வருஷமே அப்பாவும். பள்ளிப் படிப்பு அதோடு சரி. கார்டியன்கள் அவரை மரம் கடையும் வேலைக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஆனால் உடம்பில் அதற்கான வலு இல்லை. 1799-ல் மியூனிக்கில் அரண்மனைக்கு முகக்கண்ணாடி செய்து கொடுக்கும் வைக்செல்பெர்கர் என்பவரிடம் அப்ரண்டிஸாக விட்டார்கள். தொழில் கற்றுக்கொள்ளக் கட்டணம் கட்ட வழியில்லை. அதனால் ஆறு வருஷம் சம்பளம் இல்லாத வேலை என்று ஒப்பந்தம்.

முதலாளிக்கு ஒரு விஷயம் சுத்தமாகப் பிடிக்காது: பையன் புத்தகம் படிப்பது. தொழிலாளிப் பிள்ளைகளுக்காக விடுமுறை நாட்களில் நடந்த பள்ளிக்கும் அனுப்ப மறுத்துவிட்டார். வீட்டு வேலையும் கடை வேலையும்தான். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

1801 ஜூலை 21 அன்று அந்த வீடு இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி அதிலேயே இறந்துபோனார். 14 வயதுப் பையன் இடிபாட்டுக்குள் சிக்கிக்கொண்டான். மணிக்கணக்காகத் தோண்டி அவனை உயிரோடு வெளியே எடுத்தார்கள். அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் கூடியிருந்தது. அதில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் பவேரியாவை ஆண்ட மாக்ஸிமிலியன் ஜோசஃப். இன்னொருவர் உட்ஷ்னைடர் என்கிற அதிகாரி. பின்னால் தொழிலதிபரானவர். ஆட்சியாளர் பையனை வரச்சொல்லிப் பார்த்து 18 டியூகட் தங்க நாணயம் கொடுத்தார். உட்ஷ்னைடர் கணக்கு, ஒளியியல் புத்தகங்களைக் கொடுத்தார்.

இதுவரைக்கும் கேட்டால் சினிமா மாதிரி இருக்கும். இதோடு நிறுத்திவிட்டு ராஜா உதவினார், விஞ்ஞானி ஆனார் என்று முடிக்கிறவர்கள்தான் அதிகம். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்த சொதப்பல்தான். கையில் காசு வந்ததும் பையன் கண்ணாடி தேய்க்கும் மெஷின் ஒன்று வாங்கினான். கொஞ்சம் பணத்தை முதலாளியிடம் கொடுத்து மிச்சமிருந்த அப்ரண்டிஸ் காலத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டான். பிறகு செப்புத் தகட்டில் விசிட்டிங் கார்டு செதுக்கி விற்கும் சொந்தத் தொழில் தொடங்கினான். ஸ்டார்ட்டப்! ஊரெல்லாம் போர் நடந்துகொண்டிருந்த காலம், விசிட்டிங் கார்டு யார் வாங்குவார்கள்? தொழில் படுத்துவிட்டது. விலை கொடுத்து விடுதலை வாங்கிய அதே முதலாளியிடமே கூலிக்குத் திரும்பிப் போனார். ராத்திரியில் மட்டும் புத்தகம்.

1806-ல்தான் கதவு திறந்தது. உட்ஷ்னைடரும் ரைஷன்பாக் என்ற இன்ஜினியரும் சேர்ந்து நடத்திய கருவிக் கம்பெனியில் 19 வயதில் சேர்ந்தார். சிவில் பசங்க கவனிங்க: அந்தக் கம்பெனியின் முக்கியமான சரக்கு தியோடலைட். பவேரியா முழுக்க நிலத்தை அளந்து வரைபடம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கருவி வேண்டும், கருவிக்குள் லென்ஸ் வேண்டும், லென்ஸுக்கு நல்ல கண்ணாடி வேண்டும். நல்ல கண்ணாடி இங்கிலாந்தில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. நெப்போலியன் இங்கிலாந்து சரக்குக்குத் தடை போட்டதும் அதுவும் நின்றது. ஆகவே நாமே செய்வோம் என்று உட்ஷ்னைடர், தான் விலைக்கு வாங்கியிருந்த பெனடிக்ட்பாயர்ன் என்ற பழைய மடத்தில் உலை போட்டார். 1807-ல் லென்ஸ் தேய்க்கும் வேலையும் ஃபிரௌன்ஹோஃபரோடு சேர்ந்து அங்கே போனது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, லென்ஸ் எப்படித் தேய்க்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். அடிப்படை ரொம்ப எளிது. குழிவான உலோகத் தட்டில் கண்ணாடி வில்லையை வைத்து, நடுவில் தண்ணீரும் எமரித் தூளும் போட்டு, திசையை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் உருண்டைப் பரப்பாக மாறும். எல்லாத் திசையிலும் வழுக்கிக்கொண்டே ஒட்டிப் பொருந்தக்கூடிய பரப்பு என்றால் ஒன்று சமதளம், இல்லையென்றால் கோளத்தின் துண்டு. அதனால் தேய்ப்பே வடிவத்தைக் கொடுத்துவிடும். தூளை நறநறப்பிலிருந்து மாவு பதத்துக்குப் படிப்படியாக மாற்றணும். கடைசியில் கீல் பூசிய தட்டில் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு பொடியைப் போட்டு பாலிஷ். முழுக்கக் கைப்பழக்கம். ஒருத்தர் தேய்த்த லென்ஸ் மாதிரி இன்னொருத்தரால் தேய்க்க முடியாது. ஒருத்தரே செய்தாலும் நேற்று மாதிரி இன்று வராது.

உங்க கண்ணாடி லென்ஸுக்கு இன்றைக்கும் இதே வேலைதான் நடக்குது, கைக்குப் பதில் சி.என்.சி. முன்பக்க வளைவு முடிந்த ஒரு தடித்த வில்லை ஃபேக்டரியில் இருந்து லேபுக்கு வரும். டாக்டர் எழுதின பவரைப் பார்த்து பின்பக்கத்தை மெஷின் குடையும். அப்புறம் மழமழப்பாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கோட்டிங் கொடுத்து, கடைசியில் ஃபிரேமின் அளவுக்கு ஓரத்தை வெட்டி உட்கார வைப்பார்கள். மைனஸ் பவர் என்றால் நடுவில் மெலிசு, ஓரத்தில் தடிப்பு.

ஃபிரௌன்ஹோஃபர் செய்தது என்ன? தேய்க்கிறவர் கையின் சாமர்த்தியத்தை நம்பாமல் பரப்பு ஒழுங்காக வரும்படி பாலிஷ் மெஷின்களை மாற்றி அமைத்தார். ஆனால் பரப்பு எவ்வளவு சரியாக வந்தாலும் லென்ஸ் சொதப்பியது. காரணம் கண்ணாடிக்குள்ளேயே இருந்தது.

நன்னாரி சர்பத் போடும்போது டம்ளரில் பாகு இறங்கும் இடத்தில் நெளிநெளியாகத் தெரியுமே, கவனிச்சிருக்கீங்களா? சரியாகக் கலக்காத கண்ணாடிக் குழம்பு ஆறினாலும் உள்ளே அதே நெளிவுதான். ஒவ்வொரு நெளிவும் ஒளியை ஒவ்வொரு பக்கம் வளைக்கும். அதிலும் ஈய ஆக்ஸைடு கலந்த ஃபிளின்ட் கண்ணாடியில் கனமான பகுதி கீழே தங்கிவிடும். இதற்கு வழி கண்டிருந்தவர் பியர் லூயி கினான் என்கிற ஸ்விஸ் நாட்டுக்காரர். சூட்டைத் தாங்கும் களிமண்ணால் ஒரு துழாவுகோல் செய்து, உருகிய குழம்பை அதால் கிண்டுவார். இவ்வளவுதான் ரகசியம்! ஆனால் அதற்கு அவருக்குப் பல வருஷங்கள் பிடித்தது. உட்ஷ்னைடர் அவரை பெனடிக்ட்பாயர்னுக்குக் கூட்டிவந்தார். தொழிலை அந்த இளைஞனுக்குச் சொல்லிக்கொடு என்றும் உத்தரவு போட்டார். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த கினானுக்கு, இருபத்துச் சொச்சம் வயதுப் பையனிடம் தன் ஆயுள் உழைப்பைக் கொடுப்பது எப்படி இருந்திருக்கும்? 1811-ல் உலையே அந்தப் பையனின் பொறுப்புக்குப் போனது. 1814-ல் கினான் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஃபிரௌன்ஹோஃபரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கிழவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து.

சரி, நெளிவு இல்லாத கண்ணாடி வந்தாச்சு. அடுத்த பிரச்சினை கணக்கில் வந்தது. லென்ஸ் மேக்கர் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? அதில் ஒளிவிலகல் எண் என்று ஒன்று வரும், நாம் 1.5 என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்த 1.5 எந்த நிறத்துக்கு? சிவப்புக்கு ஒரு எண், நீலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு எண். அதனால்தான் நிறம் பிரியுது. ஒரு லென்ஸ் பிரிப்பதை இன்னொரு வகைக் கண்ணாடியால் செய்த லென்ஸ் சேர்த்துவிடும்படி தொலைநோக்கிக்கு ஜோடி போடுவார்கள். அந்த ஜோடிக்கு இரண்டு கண்ணாடிகளின் எண்களும் நிறவாரியாகத் துல்லியமாகத் தெரியணும். ஆனால் நிறமாலையில் சிவப்பு எங்கே முடியுது, ஆரஞ்சு எங்கே தொடங்குது? கோடு கிழித்தா வைத்திருக்கிறார்கள்? ஒருத்தர் சிவப்பு என்பதை இன்னொருத்தர் செம்மஞ்சள் என்பார். அடையாளமே இல்லாத ஸ்கேலில் அளப்பது மாதிரி. அதனால் லென்ஸ் செய்கிறவர்கள் எல்லாரும் போட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி தேய்த்து, குத்துமதிப்பாகவே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் முதலில் விளக்கு வெளிச்சத்தை பிரிஸத்தில் விட்டு, கம்பெனியில் செய்த தியோடலைட் தொலைநோக்கியால் பார்த்தார். மஞ்சள் பகுதியில் கூர்மையான ஒரு பிரகாசக் கோடு எப்போதும் ஒரே இடத்தில் இருந்தது. சூரிய ஒளியிலும் அது இருக்கிறதா என்று தேடினார். அறையை இருட்டாக்கி, ஜன்னல் கதவில் மெல்லிய பிளவு விட்டு, 24 அடி தள்ளி பிரிஸத்தை வைத்தார். பிரகாசக் கோடு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக நிறமாலை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். விளக்கில் பிரகாசக் கோடு இருந்த அதே இடத்தில் சூரியனில் கறுப்புக் கோடு. பத்து வருஷம் முன்னாடியே இங்கிலாந்தில் வொல்லஸ்டன் இப்படிச் சில கோடுகளைப் பார்த்திருக்கிறார், நிறங்களுக்கு நடுவில் இருக்கும் எல்லை என்று நினைத்து விட்டுவிட்டார். இவர் 1814-ல் உட்கார்ந்து எண்ணினார்: 574.

இந்தக் கோடுகள் ஏன் வருகின்றன என்று அவருக்குத் தெரியாது. சூரியனில் இருக்கும் சோடியம், ஹைட்ரஜன் முதலானவை அந்தந்த நிறத்தை விழுங்கிவிடுகின்றன என்று கிர்ஷோஃபும் புன்சனும் விளக்கியது 1859-ல். ஆனால் லென்ஸ் தேய்க்கிறவருக்கு அந்தக் காரணம் அவசரமில்லை. ஸ்கேலில் அடையாளம் கிடைச்சாச்சு, அதுவும் சூரியனே போட்டுக் கொடுத்த அடையாளம், யார் எந்த ஊரில் பார்த்தாலும் மாறாதது. தடித்த கோடுகளுக்கு சிவப்பு முனையில் இருந்து ஏ, பி, சி, டி என்று வரிசையாக எழுத்து வைத்தார். தன் உலையில் ஊற்றிய ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒவ்வொரு எழுத்தில் ஒளிவிலகல் எண்ணை ஐந்தாறு தசம இடம் வரை அளந்து பட்டியல் போட்டார். குத்துமதிப்புக் காலம் அன்றோடு முடிந்தது.

இப்போ என் பாலிகார்பனேட் லென்ஸுக்கு வரலாம். நிறம் பிரிக்கும் குணத்துக்கான அந்த எண்ணின் பெயர் ஆபே எண். எர்ன்ஸ்ட் ஆபே பின்னாளில் யேனாவில் இருந்தவர். மஞ்சளில் ஒளிவிலகல் எண்ணை எடுத்து அதில் ஒன்றைக் கழிக்கணும். அதை, எஃப் கோட்டுக்கான எண்ணுக்கும் சி கோட்டுக்கான எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கணும். எஃப், சி இரண்டும் அந்தக் கடைப் பையன் வைத்த அதே எழுத்துகள்தான். ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோடு ஒன்று, 486.1 நானோமீட்டர். சிவப்புக் கோடு இன்னொன்று, 656.3 நானோமீட்டர். வித்தியாசம் குறைவாக இருந்தால் ஆபே எண் பெரிசு, நிறக்கசிவு கம்மி. சாதாரண கிரௌன் கண்ணாடிக்கு 59 பக்கம், சி.ஆர்.39 பிளாஸ்டிக்குக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30 மட்டும்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். லென்ஸின் நடுவில் இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால், பவர் 6 பெருக்கல் 1.5, அதாவது 9 பிரிஸம் டயாப்டர். 58-ஆல் வகுத்தால் 0.16 வரும், 30-ஆல் வகுத்தால் 0.3. நிறக்கசிவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கண்ணாடி லென்ஸ் ஒற்றை லென்ஸ், தொலைநோக்கி மாதிரி ஜோடி போட்டுச் சரிக்கட்ட முடியாது. பாலிகார்பனேட் அடி தாங்கும், அதனால் சின்னப் பசங்களுக்கும் பைக் ஓட்டுறவங்களுக்கும் நல்லது. எனக்குக் கடைசி பெஞ்சுக்கு வேற வேணும். கடையில் கேட்டால் சொல்வார்கள், ஆனால் நாமதான் கேட்கணும். (உங்க லென்ஸில் ஆன்டி-கிளேர் கோட்டிங் இருக்கா? அமிலம் பட்டு மங்கின கண்ணாடிப் பரப்பு ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புது என்று 1817-ல் கவனித்தவரும் இவர்தான்.)

இவ்வளவு செய்தவரை அறிஞர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா? பவேரிய அறிவியல் அகாடமி 1817-ல் சும்மா தொடர்பு உறுப்பினர் என்று ஓரமாகச் சேர்த்துக்கொண்டது. மேலே உயர்த்தலாம் என்று பேச்சு வந்தபோது சிலர் எதிர்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத, பல்கலைக்கழக வாசலை மிதிக்காத கைவினைக்காரர், நல்ல கண்ணாடி செய்கிறார், அவ்வளவுதானே என்பது அவர்கள் வாதம். அவரோ அந்த நேரத்தில் மெல்லிய கம்பிகளை வரிசையாகச் சுற்றி கிரேட்டிங் செய்து, கோடுகளின் அலைநீளத்தையே அளந்துகொண்டிருந்தார். நம்ம லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்துப் பண்ணுகிற அதே எக்ஸ்பெரிமென்ட். 1822-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1824-ல் அரசர் பிரபுப் பட்டம் கொடுக்க, பெயருக்கு நடுவில் ‘ஃபொன்’ வந்து ஒட்டிக்கொண்டது.

அதே 1824-ல் அவர் செய்த 24 சென்டிமீட்டர் தொலைநோக்கி இன்றைய எஸ்டோனியாவில் உள்ள டார்பட் வானாய்வகத்துக்குப் போனது. உலகத்திலேயே பெரிய லென்ஸ் தொலைநோக்கி அன்றைக்கு அதுதான். நல்ல கண்ணாடிக்கு பெயர்போன இங்கிலாந்து பதறிப்போய் ஒரு கமிட்டி போட்டது. அந்தக் கண்ணாடி வேலையில் ஃபாரடேயே சில வருஷங்கள் மாட்டிக்கொண்டார், பவேரியக் கண்ணாடியைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனிக்கு வந்த விருந்தாளிகளுக்கு ஃபிரௌன்ஹோஃபர் கோடுகளைக் காட்டுவார், கருவிகளைக் காட்டுவார். உலைப் பக்கம் மட்டும் யாருக்கும் அனுமதியில்லை. அளந்த எண்களை எல்லாம் உலகத்துக்குக் கொடுத்தவர், கண்ணாடியின் செய்முறையை அச்சிடவே இல்லை. அது கம்பெனியின் சொத்து. அறிவியலா வியாபாரமா என்று கேட்டால் இரண்டுக்கும் நடுவில்தான் நின்றார். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

சின்ன வயதிலேயே வலுவில்லாத உடம்பு. வருஷக்கணக்காக உலைச் சூடு, ஈயப் புகை. கடைசியில் காசநோய் வந்தது. 1826 மே மாதம் ரைஷன்பாக் இறந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 7 அன்று ஃபிரௌன்ஹோஃபரும் போய்ச் சேர்ந்தார். வயது 39. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மியூனிக்கின் பழைய தெற்குக் கல்லறையில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள்.

அவர் இறக்கும்போது ஒரு வேலை பாதியில் நின்றது. கோனிக்ஸ்பெர்க்கில் இருந்த பெஸல் என்ற வானியலாளர் ஹீலியோமீட்டர் என்ற கருவிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அதற்கு, பாடுபட்டுத் தேய்த்து முடித்த 16 சென்டிமீட்டர் லென்ஸை நடுவில் இரண்டாக வெட்டணும். இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்தித்தான் நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள கோணத்தை அளப்பார்கள். வெட்டும்போது விரிசல் விட்டால் எல்லாம் போச்சு. கம்பெனி ஆட்கள் அதை முடித்து 1829-ல் அனுப்பிவைத்தார்கள். 1838-ல் பெஸல் அந்தப் பிளந்த லென்ஸ் வழியாக சிக்னஸ் 61 என்ற நட்சத்திரத்தைப் பார்த்து, அது நம்மிடமிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குச் சொன்னார். சூரியனைத் தாண்டி ஒரு நட்சத்திரத்தின் தூரம் நம்பகமாக அளந்து அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை.